நின்ற இடத்தில் ஓடும் குதிரை

குதிரை ஓடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். நான்கு கால்களும் பாய்கின்றன. மூக்கு விரிந்து சுருங்குகிறது. கழுத்தில் வியர்வை நுரை கட்டுகிறது. ஆனால் குதிரை ஓர் அங்குலம்கூட முன்னே போகவில்லை!

இது மாயாஜாலம் அல்ல. குதிரையின் காலடியில் அகலமான ரப்பர்ப் பட்டை இருக்கிறது. மோட்டார் அந்தப் பட்டையைப் பின்னால் இழுக்கிறது. பட்டை பின்னே போகும் அதே வேகத்தில் குதிரை முன்னே ஓடுகிறது. ஆகவே அது நின்ற இடத்திலேயே இருக்கிறது. இதற்குப் பெயர் டிரெட்மில். ஓடும் பட்டை என்று நாம் சொல்லலாம்.

நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் மனிதர் ஓடும் பட்டை உண்டு. இதய நோயைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு உரியது அதைவிடப் பல மடங்கு பெரியது. அரை டன் எடையுள்ள பிராணியை அது தாங்க வேண்டும் அல்லவா?

ராயபுரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குதிரைக் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. யந்திரத்தின்மேல் குதிரையை ஓட்டிப் பார்த்தவர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள். அந்த உண்மை பந்தயக் குதிரைக்குப் பொருந்தும். கல்யாண ஊர்வலத்தில் சாரட்டு இழுக்கும் குதிரைக்கும் பொருந்தும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மனிதனுக்கும் பொருந்தும்.

கைதிகள் மிதித்த சக்கரம்

ஓடும் பட்டையின் பூர்வீகம் அவ்வளவு நல்லதல்ல. 1818ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் ஒரு சக்கரத்தைச் செய்தார். சிறைக் கைதிகள் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். படி ஏறுவார்கள், மேலே போக மாட்டார்கள். மணிக்கணக்கில் இந்தத் தண்டனை நடந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து அதைக் கைவிட்டது.

தண்டனைக்குப் பிறந்த யோசனை பிறகு வைத்தியத்துக்கு உதவியது. 1960களில் சுவீடன் நாட்டில் சூனே பெர்சன் என்ற மிருக வைத்திய நிபுணர் குதிரைகளை ஓடும் பட்டையில் ஓட்டிச் சோதனை செய்தார். குதிரையின் இரத்த அளவுக்கும் உழைக்கும் சக்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1967இல் அவருடைய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. அதன் பிறகு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, பிரான்சு எனப் பல நாடுகளிலும் குதிரைகள் பட்டையில் ஓடின.

ஏன் பட்டை தேவைப்பட்டது? மைதானத்தில் பாய்ந்து ஓடும் குதிரையின் பக்கத்தில் வைத்தியர் ஓட முடியுமா? அதன் கழுத்து நரம்பிலிருந்து இரத்தம் எடுக்க முடியுமா? பட்டையில் முடியும். குதிரை ஓடுகிறது, வைத்தியர் பக்கத்திலேயே நிற்கிறார். இரத்தம் எடுக்கிறார். முகமூடி மாட்டி மூச்சுக் காற்றை அளக்கிறார். வேகத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

உள்ளே நடக்கும் அதிசயம்

இப்படிச் சோதித்ததில் குதிரையின் உடல் ஓர் அதிசயம் என்பது தெரிந்தது.

சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 40 தடவைதான் துடிக்கும். நம் இதயத்தைவிட மெதுவாகத் துடிக்கிறது. அதே குதிரை முழு வேகத்தில் ஓடும்போது 220 முதல் 240 தடவை வரை துடிக்கும். ஆறு மடங்கு, ஏழு மடங்கு ஏறுகிறது. மனிதனால் இது ஆகாது.

குதிரைக்கு மண்ணீரல் ஒரு சேமிப்புப் பெட்டி. சிவப்பு இரத்த அணுக்களை அது சேர்த்து வைத்திருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி அந்த அணுக்களை இரத்தத்தில் கொட்டுகிறது. ஓய்வில் இரத்தத்தின் அளவில் நூற்றுக்கு 35, 40 பங்காக இருந்த சிவப்பு அணுக்கள் 60 பங்குக்கு மேல் ஏறுகின்றன. பிராண வாயுவைச் சுமக்கும் கூலியாட்கள் திடீரென்று பெருகிவிடுகிறார்கள்.

குதிரை வாயால் மூச்சு விடாது. மூக்கால்தான் விடும். பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. கால் தாளம் போட, மூச்சு அந்தத் தாளத்துக்கு நடக்கிறது.

இவ்வளவும் பட்டையின்மேல் அளந்து உறுதி செய்யப்பட்டவை. அப்படியானால் பட்டையிலேயே குதிரையைப் பழக்கிவிடலாமே! மைதானம் எதற்கு? இந்தக் கேள்வியை நிபுணர்களும் கேட்டார்கள்.

ஒரே குதிரை, ஒரே வேகம், வேறு கணக்கு

1990களில் சுவீடன், ஹாலந்து, பிரான்சு நாடுகளில் இதைச் சோதித்தார்கள். குதிரையை மைதானத்தில் ஓட்டினார்கள். பிறகு பட்டையில் ஓட்டினார்கள். இரண்டு இடத்திலும் இதயத் துடிப்பை எண்ணினார்கள். இரத்தத்தில் லாக்டிக் அமிலம் எவ்வளவு என்று பார்த்தார்கள். தசை மிகக் கடுமையாக உழைக்கும்போது இந்த அமிலம் இரத்தத்தில் ஏறும். உடல் படும் பாட்டைக் காட்டும் அளவுகோல் அது.

பட்டை சாய்வில்லாமல் மட்டமாக இருந்தால், அதே வேகத்தில் குதிரை படும் பாடு பெரும்பாலும் குறைவு என்று தெரிந்தது. மைதானத்தில் இதயம் அதிகமாகத் துடித்தது. அமிலமும் அதிகமாக ஏறியது. நடையிலும் மாறுதல் இருந்தது. பட்டையில் குதிரை நீளமான அடிகளாக எடுத்து வைத்தது. நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை குறைந்தது.

வேகம் ஒன்றுதானே! பின்னே வித்தியாசம் எப்படி வந்தது? காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, காற்று. மைதானத்தில் குதிரை காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனவர்களுக்குக் காற்று எப்படித் தள்ளும் என்று தெரியும். பட்டையில் குதிரை நகர்வதே இல்லை. கிழிக்க வேண்டிய காற்றும் இல்லை.

இரண்டு, சுமை. மைதானத்தில் முதுகில் ஜாக்கி இருப்பார். சேணத்தோடு சேர்த்து 50, 60 கிலோ இருக்கும். பட்டையில் பெரும்பாலும் வெறும் முதுகுடன்தான் ஓட்டுகிறார்கள்.

மூன்று, தரை. பட்டை மட்டமானது, ஒரே மாதிரியானது. மைதானத்தில் மேடு உண்டு, பள்ளம் உண்டு. ஈர மண் காலைப் பிடிக்கும். காய்ந்த மண் காலை அடிக்கும். வளைவில் திரும்பும்போது உடல் எடை ஒரு பக்கக் கால்களின்மேல் சாயும்.

நான்கு, பயம். முதல் தடவை பட்டையில் ஏறும் குதிரை மிரளும். காலடியில் தரை ஓடினால் எந்தப் பிராணிதான் மிரளாது? அப்போது இதயம் பயத்தால் துடிக்கும். ஆகவே சில தடவை பழக்கிய பிறகுதான் சோதனையை நம்பலாம்.

இதற்கு நிபுணர்கள் ஒரு வழி கண்டார்கள். பட்டையின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தினார்கள். மேட்டில் ஏறுவதுபோல் குதிரை ஓடியது. இதயத் துடிப்பு மைதானத்தில் இருந்த அளவுக்கு ஏறியது. கணக்கு சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் சரியானது இதயத்தின் கணக்கு மட்டுமே. மேட்டில் ஏறும் குதிரை பின்னங்கால்களுக்கு அதிக வேலை கொடுக்கிறது. மட்டமான மைதானத்தில் முன்னங்கால்கள் வாங்கும் அடி வேறு.

தொண்டை சொன்ன சாட்சி

இன்னோர் உதாரணம் பாருங்கள். சில குதிரைகள் ஓடும்போது தொண்டையிலிருந்து கர் கர் என்று சத்தம் வரும். குரல்வளையின் ஒரு பக்கம் சரியாகத் திறக்காததால் காற்று தடைப்படுகிறது. குதிரை சீக்கிரம் களைத்துவிடுகிறது. நிற்கும்போது பார்த்தால் பல சமயம் குறை தெரியாது. ஆகவே பட்டையில் ஓடவிட்டு, மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தித் தொண்டையைப் பார்த்தார்கள். இது மிருக வைத்தியத்துக்குப் பெரிய வெற்றி.

பிறகு கருவி சிறியதானது. இந்த நூற்றாண்டில், குதிரையின் தலையிலேயே கருவியைக் கட்டி மைதானத்தில் ஓடவிட்டுத் தொண்டையைப் பார்க்க வழி வந்தது. கழுத்தை மடக்கிக் கடிவாளத்தை இழுக்கும்போது, ஜாக்கி முதுகில் இருக்கும்போது, மற்றக் குதிரைகளோடு போட்டியிடும்போது தொண்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. பட்டையில் ஒழுங்காக இருந்த தொண்டை மைதானத்தில் அடைத்துக்கொள்வதும் உண்டு என்று தெரிய வந்தது.

யந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

இதயம் முந்தும், எலும்பு பிந்தும்

எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதி இனிமேல்தான் வருகிறது.

பாய்ந்து ஓடும் குதிரை ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் கால்மேல் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் இறங்குகிறது. 500 கிலோ குதிரை என்றால் 1,250 கிலோ! அவ்வளவும் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு குளம்பின்மேல் விழுகிறது. அதற்கு மேலே இருப்பது நம் மணிக்கட்டுப் பருமனுள்ள ஒல்லியான எலும்பு.

இந்த எலும்பு எப்படி உறுதி பெறுகிறது? அடி வாங்கித்தான். எலும்பு உயிருள்ள பொருள். சுமை விழுந்தால் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். சுமை விழாவிட்டால் மெலிந்துவிடும். 1984இல் சேவலின் இறக்கை எலும்பை வைத்து ஒரு சோதனை நடந்தது. நாளொன்றுக்கு 36 தடவை அளவோடு சுமை கொடுத்தபோதே எலும்பு நன்றாக வளர்ந்தது. அதற்கு மேல் எத்தனை தடவை கொடுத்தாலும் பெரிய லாபம் இல்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நுனமேக்கர் பந்தயக் குதிரைகளின் கால் எலும்பை ஆராய்ந்தார். இளங்குதிரைகளுக்கு முன்னங்கால் எலும்பு வீங்கி வலிப்பது சாதாரணம். நீண்ட தூரம் மெதுவாக ஓட்டுவதைவிட, குறைந்த தூரம் வேகமாக, வாரத்தில் சில தடவை ஓட்டினால் எலும்பு பந்தயத்துக்கு ஏற்றபடி அமைகிறது என்று அவர் காட்டினார்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்கில் ஆகும். பட்டையில் ஓட்டியும் நீச்சல் குளத்தில் நீந்த விட்டும் குதிரைக்கு நல்ல மூச்சு வரச் செய்யலாம். மூச்சு வந்துவிட்டது என்று நம்பி, கால் தேறுவதற்குள் மைதானத்தில் முழு வேகத்தில் விட்டால் என்ன ஆகும்? இதயம் "ஓடு, ஓடு" என்று சொல்லும். கால் முறியும். குதிரைக்குக் கால் முறிந்தால் பெரும்பாலும் உயிரே போகிறது. மூன்று காலில் மாதக்கணக்கில் நிற்க அந்தப் பிராணியால் முடியாது. முறிவு பலமாக இருந்தால் வைத்தியர் ஊசி போட்டுக் கருணைக் கொலை செய்யும்படி ஆகிறது.

குதிரையின் மூச்சை யந்திரத்தில் அளக்கலாம். காலை அளப்பது தரைதான். இதுவே நாம் சொல்ல வந்த விஷயம்.

கடல் வழியே வந்த பிராணி

குதிரை நம் மண்ணின் பிராணி அல்ல. பெரும்பாலும் கடல் வழியே வந்த பிராணி. சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றிச் சொல்லுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ ஒரு துயரத்தை எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்களாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோயினவாம். லாடம் கட்டுபவர்கூடக் கிடையாதாம்.

எவ்வளவு பொன் கொடுத்து வாங்கியிருப்பார்கள்! பொன் போனது பெரிதல்ல. வாயில்லாப் பிராணி வீணாய்ச் செத்தது.

19ஆம் நூற்றாண்டில் நமது சென்னைத் துறைமுகத்திலும் குதிரைகள் வந்து இறங்கின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்ததால் அவற்றுக்கு "வேலர்" என்று பெயர். பட்டாளத்துக்கும் வண்டிக்கும் அவை வாங்கப்பட்டன. வாரக்கணக்கில் கப்பலில் நின்றபடியே வந்த குதிரைகள் அவை. நின்று நின்று கால் தசை மெலிந்திருக்கும். இறங்கியதும் ஓட்ட முடியாது. நாள்பட நடத்திப் பழக்க வேண்டும். பட்டையில் அளந்து இன்று நாம் அறிவதை அன்றைய நல்ல குதிரைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கிண்டியில் 1777இலேயே குதிரைப் பந்தயம் நடந்தது. சென்னை ரேஸ் கிளப் 1896இல் ஏற்பட்டது. பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழக அரசு சட்டம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்த விளையாட்டு என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் கிண்டி மைதான நிலத்தை அரசு தன் வசம் எடுக்க நடவடிக்கை எடுத்தது. அதன்மேலும் வழக்கு எழுந்தது.

பந்தயத்தில் பணம் கட்டுவது நல்லதா, கெட்டதா என்று இன்று வாதாட வரவில்லை. தாலியை அடகு வைத்துப் பந்தயம் கட்டிய குடும்பங்களின் கதி என்ன ஆனது என்பது வட சென்னைக்குத் தெரியும். இங்கே நம் கவலை குதிரையைப் பற்றியது. பந்தயக் குதிரை ஓடுவது சில ஆண்டுகள்தான். அதன் ஆயுளோ 25 ஆண்டு, 30 ஆண்டு. மீதி ஆண்டுகள் அது எங்கே இருக்கும்? எந்தத் தரையில் நிற்கும்? கூட்டம் கைதட்டிய நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வெயிலை அளந்த யந்திரம்

ஓடும் பட்டையைக் குறை சொல்லிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அது செய்த மகத்தான உபகாரம் ஒன்று உண்டு. அது நம் ஊருக்கு மிகவும் வேண்டியது.

1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அங்கே கோடையில் வெயிலும் புழுக்கமும் அதிகம். சென்னையைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டுக் குதிரைகள் அங்கே செத்து விழுமோ என்று பலரும் பயந்தார்கள். ஆகவே நிபுணர்கள் ஓர் அறையைச் சூடாக்கி, ஈரப்பதம் ஏற்றி, அதற்குள் பட்டையை வைத்துக் குதிரைகளை ஓட்டிப் பார்த்தார்கள்.

என்ன தெரிந்தது? குதிரை செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஓட்டமாகிறது. மீதி எல்லாம் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வைதான் முக்கிய வழி. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர், அதற்கு மேலும் வியர்க்கும். குதிரையின் வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். ஆகவே தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது. உப்பும் வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடலோரத்தில் இருக்கும் ராயபுரத்தாருக்கு இதை விளக்க வேண்டுமா? சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் எரியும்.

வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் போலத் தேவை என்றும் தெரிந்தது. சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று நிரூபிக்கப்பட்டது. உடல் முழுவதும் தாராளமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நிழலில் நடத்த வேண்டும். மறுபடி ஊற்ற வேண்டும். அட்லாண்டாவில் அப்படியே செய்தார்கள்.

கோடி ரூபாய்க் குதிரைக்காகக் கண்டுபிடித்த வழி இது. ஆனால் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மர நிழலும் இருந்தால் ஏழைக் குதிரைக்கும் செய்யலாம்.

சட்டம் சொல்லுவது

ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் போய்விட்டது. ஆனாலும் குதிரை நம்மை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்குச் சாரட்டு வருகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வருகிறது. மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குதிரை நடக்கிறது. இந்தக் குதிரைகளுக்கு ரப்பர்ப் பட்டையும் இல்லை. புல் மைதானமும் இல்லை. தார்ச் சாலையும் சிமெண்டுச் சாலையும்தான். தார்ச் சாலை அடியைத் தாங்காது. அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். கண்டெய்னர் லாரிகளின் சத்தமும் புழுதியும் வேறு. பட்டாசு வெடிக்க, பேண்டு முழங்க, மிரண்ட குதிரையின் இதயம் எப்படித் துடிக்கும் என்று சொல்ல யந்திரம் வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்குக் காரணமாக இருந்தவர் நம் சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் இதற்காகத் தனி மசோதா கொண்டு வந்து போராடினார். 1962இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்காக 1965இல் தனி விதிகள் வந்தன. அவை சொல்லுவதைக் கவனியுங்கள்:

ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது.

ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது.

வெயில் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடத்தில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது.

மே மாதத்தில் சென்னை வெயில் 37 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். அப்போது நடுப்பகலில் சாலையில் வண்டி இழுக்கும் குதிரையைப் பார்த்தால், சட்டம் அங்கே மீறப்படுகிறது என்று அறியுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு எழுதிய அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தக் காலத்தில் 50 ரூபாய் பெரிய பணம். இன்று அது சாரட்டு வாடகையில் தூசு. இந்தத் தொகையைச் சர்க்கார் உயர்த்த வேண்டும். வண்டிகள் நிற்கும் இடங்களில் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் மாநகராட்சி செய்து தர வேண்டும்.

குதிரைக்காரரைத் திட்டி மட்டும் பயன் இல்லை. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. குதிரை ஓடினால்தான் அடுப்பு எரியும். அவருக்கு வழி சொல்லித் தர வேண்டும். அதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். 1903இல் ஏற்பட்ட மிருக வைத்தியக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. மார்க்கோ போலோ காலத்துப் பாண்டிய அரசருக்குக் கிடைக்காத வைத்தியர்கள் இன்று ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். லாடம், குளம்பு, தீனி, தண்ணீர் ஆகியவை பற்றிக் குதிரைக்காரர்களுக்கு அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முகாம் நடத்தினால் எத்தனையோ கால்கள் பிழைக்கும்.

மனிதனுக்கும் இதேதான்

கடைசியாக, இந்த விஷயம் நம் வீட்டுக்குள்ளும் வருகிறது.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பட்டையில் நடக்கச் சொல்லுகிறார்கள். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1963இல் வகுத்த முறைதான் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் சாய்வும் ஏறும். குதிரைக்குப் பட்டையை உயர்த்தினார்களே, அதேதான். மிக உபயோகமான சோதனை. டாக்டர் சொன்னால் தட்டாமல் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் சோதனை நடப்பது குளுகுளு அறையில். தோளில் மூட்டை கிடையாது. காலை உணவு, செருப்பு எல்லாம் அளவாக இருக்கும். வேலைக்குப் போகிற இடம் அப்படியா? காசிமேட்டில் ஐஸ் பெட்டியை இழுக்கிறவர், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர், எண்ணூரில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எல்லாரும் சுமையோடும் சூட்டோடும் உழைக்கிறார்கள். ஆகவே டாக்டரிடம் உங்கள் வேலை என்ன என்று சொல்லுங்கள். எத்தனை கிலோ தூக்குகிறேன், எந்த வெயிலில் நிற்கிறேன், இரவு வேலை உண்டா என்று சொல்லுங்கள். "சோதனையில் எல்லாம் சரி" என்ற சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மறுநாளே பழைய சுமையைத் தூக்கப் போகாதீர்கள். எவ்வளவு தூக்கலாம், எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நீண்ட நாள் படுக்கையில் இருந்து எழுந்தவருக்கும் இதேதான். மூச்சு முதலில் தேறும். எலும்பும் மூட்டும் பிறகுதான் தேறும். உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று அவசரப்படக்கூடாது. குதிரைக்குச் சொன்னதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

வாய் இருக்கிற மனிதன் டாக்டரிடம் சொல்லிக்கொள்வான். குதிரை சொல்லாது. நொண்டும்; தலையை ஆட்டும்; தீனியைத் தள்ளும். அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த கல்யாண மாதம் வரத்தான் போகிறது. சாரட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போது பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் மூன்று கேள்வி கேட்கட்டும். "குதிரைக்கு லாடம் சரியாக இருக்கிறதா? தண்ணீர் காட்டினீர்களா? காலையிலிருந்து எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது?" நடுப்பகல் ஊர்வலத்தை மாலைக்கு மாற்றி வைக்கட்டும். இதற்குக் காசு செலவில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் மணமக்களோடு அந்தக் குதிரையும் வாழும்.